ஓப்பன்ஃபயர் மெசேஜிங் சர்வர்: எந்த எண் எதைச் சொல்கிறது

ஓப்பன்ஃபயர், அலுவலகத்துக்குள் செய்தி பரிமாற உதவும் சர்வர் மென்பொருள். லேனுக்குள் (அலுவலக உள்வலையமைப்புக்குள்) ஓடும் அதன் அட்மின் கன்சோலை, அதாவது நிர்வாகப் பக்கத்தைத் திறக்க, சர்வரின் ஐபி முகவரியோடு 9090 போர்ட்டைச் சேர்த்து பிரவுசரில் அடித்தால் போதும். பாதுகாப்பான இணைப்பு வேண்டுமென்றால் 9091. கன்சோல் திறந்துவிட்டது என்பதாலேயே செய்திகளும் போகின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளையன்ட்கள், அதாவது பயனர்களின் செய்தி செயலிகள், வந்து சேருவது 5222இல். வேறொரு கணினியிலிருந்து டெல்நெட் (போர்ட்டோடு இணைந்து பார்க்கும் கட்டளை) வழியாக அந்தப் போர்ட்டைத் தொட்டுப் பாருங்கள். கர்சர் மட்டும் மினுக்கி நின்றால் போர்ட் திறந்திருக்கிறது. இதே சோதனையைச் சர்வரிலேயே செய்தால் ஃபயர்வாலின் குறுக்கீடு தெரியவே தெரியாது.

சர்வர் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் முதலில் அப்டைமை, அதாவது சர்வர் தொடர்ந்து ஓடும் நேரத்தைப் பாருங்கள். நீங்கள் ரீஸ்டார்ட் செய்யாமலே அது சில மணி நேரம்தான் காட்டுகிறது என்றால், சர்வீஸ் விழுந்து எழுந்திருக்கிறது. அது விழுந்த நேரத்தை லாக்கில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவில்) தேட வேண்டும்.

அதே பக்கத்தில் ஜாவா மெமரி பட்டை இருக்கிறது. பலரையும் வீணாகப் பதற வைப்பது இதுதான். ஓப்பன்ஃபயர் ஓடும் ஜாவா, வேண்டாத நினைவகத்தை உடனுக்குடன் விடுவிப்பதில்லை. சேரவிட்டு மொத்தமாக விடுவிக்கும். அதனால் 80 சதவீதம் ஏறி, சட்டென்று 30க்கு இறங்குவது இயல்பு. உச்சத்தை விட்டுவிட்டு, இறங்கி நிற்கும் அடிமட்டத்தைக் குறித்து வையுங்கள். பயனர் எண்ணிக்கை மாறாமலே அந்த அடிமட்டம் நாளுக்கு நாள் உயர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அதாவது நினைவகம் விடுவிக்கப்படாமலே தங்குகிறது. பெரும்பாலும் ஏதாவது ஒரு ப்ளகின் (கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்) மேல்தான் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். மெமரி வரம்பைக் கூட்டுவது கசிவை நிறுத்தாது, சர்வர் விழும் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

கிளையன்ட் செஷன்ஸ் பட்டியல் ஆட்களை எண்ணுவதில்லை, இணைப்புகளை எண்ணுகிறது. ஒருவரே கணினியிலும் கைபேசியிலும் நுழைந்திருந்தால் இரண்டு செஷன். மடிக்கணினியை மூடிவிட்டுப் போனவரின் செஷனும் சிறிது நேரம் உயிரோடு இருப்பதாகவே தெரியும். சும்மா கிடக்கும் இணைப்பைத் துண்டிக்கும் காலம் இயல்பாக 360 விநாடி. கிளையன்ட் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் மாற்றலாம். அங்கேயே, துண்டிப்பதற்கு முன் பிங் (இருக்கிறீர்களா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பும் தேர்வை அணைக்காதீர்கள். அணைத்தால், பேசாமல் அமைதியாக இருப்பவர்களும் அடிக்கடி வெளியே தள்ளப்படுவார்கள்.

“அனுப்பினேன், போகவில்லை” என்ற புகார் வந்தால் ஆஃப்லைன் மெசேஜஸ் பக்கத்துக்குப் போங்கள். இணைப்பில் இல்லாதவருக்கு வரும் செய்திகளைச் சேர்த்து வைக்க, ஒவ்வொரு பயனருக்கும் இயல்பான ஒதுக்கீடு 100 கேபிதான். நீண்ட விடுப்பில் இருப்பவருக்கு அது சீக்கிரம் நிரம்பும்; அதன்பின் வருபவை அனுப்பியவருக்கே திரும்பும்.

நாள்கணக்கான வரைபடங்களுக்கு மானிட்டரிங் சர்வீஸ் ப்ளகின் தேவை. சர்வருக்கு இணையம் இல்லையென்றால், வேறு கணினியில் ப்ளகினின் ஜார் கோப்பை இறக்கி ப்ளகின்ஸ் பக்கத்தில் ஏற்றுங்கள். நிறுவிய நிமிடத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும். பழைய நாள்களின் வரைபடம் கிடைக்காது என்பதால், பிரச்சினை வருவதற்கு முன்பே நிறுவுவது நல்லது. இதில் உரையாடல் எண்ணிக்கையை நிதானமாகப் படிக்க வேண்டும். இருவர் 10 நிமிடம் பேசாமலிருந்தால் அந்த உரையாடல் முடிந்ததாகிவிடும். மறுபடி பேசினால் புதியது. இடைவிடாமல் பேசினாலும் 60 நிமிடத்தில் கணக்கு வெட்டப்படும். எனவே இந்த எண் கூடியதை வைத்து வேலைப்பளு கூடியது என்று சொல்ல முடியாது. சர்வர் வழியாகப் போகும் தரவுத் துண்டுகளின் எண்ணிக்கையான பாக்கெட் போக்குவரத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

செஷன் குறைவு, மெமரியும் சரி, ஆனாலும் உள்நுழைய நேரமாகிறது என்றால் டேட்டாபேஸ் பக்கம் திரும்புங்கள். குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) புள்ளிவிவரத்தை இயக்கி, காலையில் எல்லோரும் நுழையும் நேரத்தில் சராசரி நேரத்தைப் பாருங்கள். சர்வரோடு சேர்ந்தே வரும் உள்ளமை டேட்டாபேஸில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதைத் தனி டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டிய கட்டம் இது. பார்த்து முடித்ததும் குவெரி புள்ளிவிவரத்தையும் டீபக் லாக்கையும் (பிழை தேட எழுதப்படும் விரிவான பதிவு), இயக்கியிருந்தால், அணைத்துவிடுங்கள். டீபக் லாக் எழுதுவதே சர்வருக்குத் தனிச் சுமை.