மொட்டை மாடியில் ஓநாய் மனிதன் கதை சொல்ல

கரண்ட் போனால் செல்லூரில் எங்கள் மாடிக்குப் பேரப்பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள், ஓநாய் மனிதன் கதை கேட்டு. எடுத்த எடுப்பிலேயே ஓநாயை இறக்காதீர்கள். முதலில் மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் பார்த்த நரிக் கதை. மாணிக்கவாசகருக்காகச் சொக்கநாதர் பரியாக்கிய நரிகள், ராத்திரி லாயத்தில் பழையபடி நரியாகி மற்ற குதிரைகளைக் கடித்துக் குதறின. இங்கே அவசரப்படக் கூடாது. கனைப்பு ஊளையாக மாறுவதை வாயாலேயே கொண்டுவரணும்.

அப்புறம் கிரேக்கம். ஆர்க்காடியா அரசன் லைக்கேயோன், அந்த ஊர்ச் சாமி ஜீயஸுக்கு மனித மாமிசத்தைப் பரிமாறி ஓநாயானான். உடுப்பு ரோமமாகிறது, கை காலாகிறது. நரையும் கண்ணும் மட்டும் அப்படியே. அந்தக் கண்ணைச் சொல்லும்போது குரலை இறக்குங்கள். ஓநாய் மனிதனைக் கொல்ல வெள்ளித் தோட்டா வேணும் என்பது பிற்காலச் சரக்கு, கேட்டால் சொன்னால் போதும். சின்ன வாண்டுகள் இருந்தால் மாமிசத்தை விட்டுவிட்டு, சாமியைச் சோதித்தான் என்று முடித்துவிடுங்கள்.