புரொப்பெல்லரில் சிக்கிய கயிற்றை எடுத்த விதம்

ஏப்ரலில் இங்கிலாந்தின் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில், டிவைசஸ் ஊரைத் தாண்டியதும் எங்கள் நாரோபோட் (கால்வாயில் ஓடும் குறுகலான நீளப் படகு) முக்க ஆரம்பித்தது. பின்னால் கரும்புகை, வேகமோ கரையில் நடப்பவர்கள் முந்திப்போகிற அளவு (உச்சவரம்பே மணிக்கு 4 மைல்தான், அது வேறு விஷயம்). புரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது என்று புரிந்தது.

கரையில் கட்டி, என்ஜினை நிறுத்தி, சாவியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், இதில் மட்டும் அலட்சியம் கூடாது. அப்புறம் பின்தளத்துக்குக் கீழே, புரொப்பெல்லருக்கு நேர் மேலே இருக்கும் மூடியைத் திறந்து தோள் வரை கையை விட்டுத் துழாவினால், தண்டில் நைலான் கயிறு இறுகிக் கிடந்தது. வசந்தம் என்று பெயர்தான், தண்ணீர் ஐஸ். ரொட்டி வெட்டும் பல் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தேன்.

மூடியின் ரப்பர் பட்டை சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, இறுக்கித் திருகிய பிறகுதான் என்ஜினைப் போட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே அடித்துப் படகே மூழ்கிவிடும். அறுத்த கயிற்றைத் திரும்பக் கால்வாயில் எறியாதீர்கள்.