பிரிட்ஜில் டிரான்ஸ்பருக்கு ரோபோ பார்ட்னர் பாஸ் சொன்னால் இதைப் பாருங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், வீட்டிலிருந்தே கணினியில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறேன், மற்ற மூன்று பேரும் ரோபோக்கள். கொஞ்ச நாளாக ஒரே தொல்லை: பார்ட்னர் கையில் 15–17 பாயிண்டு வைத்துக்கொண்டு 1 நோ டிரம்ப் (துருப்பு இல்லாமல்) என்று ஏலத்தைத் திறப்பார், என் கையில் ஐந்து ஆட்டின் இருக்கும், நான் 2 டைமன் என்று டிரான்ஸ்பர் (‘என்னிடம் ஆட்டின் இருக்கிறது, நீங்கள் 2 ஆட்டின் சொல்லுங்கள்’ என்ற குறிப்பு) கேட்பேன், 2 ஆட்டின் சொல்ல வேண்டியவர் பாஸ் சொல்லிவிடுவார். அப்புறம் கையில் இரண்டே டைமனை வைத்துக்கொண்டு நான்தான் டைமனைத் துருப்பாக வைத்து ஆட வேண்டும்.

உப்புக்காற்றில் மவுஸ் பட்டன் கெட்டு தப்பாக கிளிக் ஆகிறதோ என்று புது மவுஸ் வாங்கினேன். சரியாகவில்லை. மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றியும் அதே கதை. பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது, கெட்டுப்போன ஆட்டங்கள் எல்லாவற்றிலும் நான் கிழக்கு இருக்கையிலோ மேற்கு இருக்கையிலோ இருந்திருக்கிறேன் (எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி). தெற்கில் இருந்தபோது ஒரு தடவைகூட இப்படி ஆகவில்லை.

எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று குறித்து வைக்கும் கன்வென்ஷன் கார்டு ஜோடிக்கு ஒன்று. வடக்கு–தெற்குக் கார்டில் மட்டும் டிரான்ஸ்பருக்கு டிக் இருந்தது. இருக்கை மாறினால் கார்டு கூடவே வராது. இரண்டிலும் ஒரே முறையைப் போட்டு, சேமித்து, முழுசாக மூடித் திறந்தேன் (ஓடிக்கொண்டிருக்கும் மேஜையில் மாற்றம் ஏறவில்லை, இதைக் கவனியுங்கள்). இப்போது எந்தத் திசையில் உட்கார்ந்தாலும் 2 டைமனுக்கு 2 ஆட்டின் வருகிறது. அப்பாடா.