ராமேஸ்வரத்தில் தீர்த்தங்களை நடந்தே பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ராமேஸ்வரத்தை வழிகாட்டி யாரும் இல்லாமல், காலால் நடந்தே பார்த்துவிடலாம். கிழக்கே அக்னி தீர்த்தக் கடல், அங்கிருந்து நேராகக் கிழக்குக் கோபுரம், கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள், உள்ளே 22 தீர்த்தங்கள், அதாவது புனித நீராடும் நீர்நிலைகள், பெரும்பாலும் கிணறுகள். ஊரின் அமைப்பு இவ்வளவுதான். ஆனாலும் பலர் அரை நாளில் தலையை நனைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள். அந்த அவசரம்தான் முதல் தவறு.

நேரக் கணக்கிலிருந்து தொடங்கலாம். கோயிலில் ஸ்படிக (பளிங்கு) லிங்க தரிசனம் விடியற்காலை 5 மணி அளவில் நடக்கும். அது வேண்டுமென்றால் தங்கும் இடத்திலேயே குளித்துவிட்டு, உலர்ந்த உடையில் முதலில் அங்கே போய்விடுங்கள். அப்புறம் கடல், அதன் பிறகு கோயில் தீர்த்தங்கள். கடலில் முழுகாமல் நேரே கோயில் தீர்த்தங்களுக்குப் போவது வழக்கம் இல்லை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், பத்து மணிக்கு மேல் ஆற அமரக் கிளம்பினால் வரிசையிலேயே நேரம் போய்விடும். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் ஊரே நிரம்பி வழியும். பிதுர் காரியம் செய்ய வருபவர்களுக்கு அந்த நாள் வேண்டும். ஊரைப் பார்க்க வருபவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அக்னி தீர்த்தத்தில் கட்டியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருவதைப் பலர் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இங்கே கடல் அலையடிக்காமல் குளம் மாதிரி கிடக்கும். போட்ட துணியை அது எங்கேயும் கொண்டுபோகாது. அடுத்து முழுக வருபவர் காலில்தான் அது சிக்கும்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் தெரிந்துகொண்டு அறைக்குத் திரும்பி ஓடுவதை விட, முன்பே வைத்துவிட்டு வாருங்கள். தீர்த்தத்துக்குக் கவுண்டரில் டிக்கெட் வாங்கினால் போதும். வழியில் மறித்து, தனியாக அழைத்துப் போகிறேன் என்பவர்களிடம் பேரம் பேசத் தேவையில்லை. எண் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் கோடி தீர்த்தத்தில் முடியும். உடை விஷயத்தில், சீக்கிரம் உலரும் அடர் நிறப் பருத்தித் துணி நல்லது. நனைந்த ஜீன்ஸோடு அத்தனை தீர்த்தமும் நடப்பது கஷ்டம். தரை முழுக்க ஈரமாக இருக்கும். வயதானவர்களைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். ஈர உடையோடு சுவாமி சன்னதிக்கு விடமாட்டார்கள் என்பதால் மாற்று உடை கட்டாயம் வேண்டும்.

இனி, நான் பெரிதாக நினைக்கும் தவறு. தீர்த்தங்களை எண்ணிக்கைக்காக மட்டும் ஓடி முடிப்பது. சுற்றிலும் உப்புக் கடல். கோயிலிலிருந்து கல்லெறியும் தூரத்தில் கரை. இந்த மணல் தீவில் கிணற்றுத் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது? பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் கடல்நீரை விட எடை குறைந்தது, அதனால் அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிணற்றடியிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். விளிம்பில் நிற்பவர் கயிற்று வாளியை இறக்கி மேலே இழுத்து உங்கள் தலையில் ஊற்றும் அந்தத் தண்ணீர், கடலின் மேல் மிதக்கும் மழை. சுவை கிணற்றுக்குக் கிணறு ஒன்றுபோல் இருக்காது. காசு, பூ, பிளாஸ்டிக் எதையும் உள்ளே போடாதீர்கள். சோப்பும் ஷாம்பூவும் அறையோடு இருக்கட்டும்.

நனைந்த கையோடு கிளம்பிவிடாமல், உடை மாற்றிக்கொண்டு மூன்றாம் பிரகாரத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு கடக்கும்போது அது கண்ணில் படாது. 1,200-க்கும் மேற்பட்ட தூண்கள், கிழக்கு மேற்காகச் சுமார் 690 அடி நீளம். பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவு பெற்றது. வெயில் காலத்திலும் உள்ளே நிழலும் காற்றும் இருக்கும்.

கோயிலோடு நடை முடிந்தது என்று நினைப்பவர்கள் வெளித் தீர்த்தங்களைத் தவறவிடுகிறார்கள். மேற்கே பாம்பன் சாலையில் நடந்தால் லட்சுமண தீர்த்தம், ராம தீர்த்தம். வடக்கே கந்தமாதன பர்வதம் எனும் ராமர் பாதம் வரை போகும் வழியில் சுக்ரீவ தீர்த்தமும் சாட்சி அனுமார் கோயிலும் வரும். தூர்ந்துபோன பல தீர்த்தங்களை விவேகானந்த கேந்திரம் தூர்வாரி மீட்டிருக்கிறது. இந்தப் பாதையில் நிழல் குறைவு. காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலுக்கு மேல் நடங்கள், தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

பள்ளிவாசல் தெருவில் உள்ள அப்துல் கலாம் வீட்டையும், பேக்கரும்பில் 2017-இல் திறக்கப்பட்ட அவர் நினைவிடத்தையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். வீடு கோயிலிலிருந்து நடக்கிற தூரம். பேக்கரும்புக்கு ஆட்டோவோ பஸ்ஸோ வேண்டும். தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தமும் அப்படித்தான். கடலுக்குள்ளேயே நன்னீர்க் கிணறு, நடைபாலம் வழியாகப் போகலாம். கிணற்று நீரியல் புரிந்த பிறகு அதைப் பார்ப்பது தனி அனுபவம்.

தனுஷ்கோடியை இதே நாளில் சேர்க்காதீர்கள். சுமார் இருபது கிலோமீட்டர், நடக்கிற தூரம் இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது, அவசரமாகப் பார்க்கும் இடமும் இல்லை. மறுநாள் காலையில் பஸ்ஸில் போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.