கோட்ரைமாக்சசோல் வளையம் மட்டும் சுருங்கியபோது

எங்கள் லேபில் சிறுநீர் கல்ச்சரில் வளர்ந்த ஈ. கோலை பாக்டீரியாக்களில், கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் திடீரென்று 'ரெசிஸ்டன்ட்' (மருந்துக்கு அடங்காதவை) கூடியது. அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி மருந்து டிஸ்க் வைத்தால், அதைச் சுற்றி வளர்ச்சியில்லாத வளையம் விழும்; அது சிறுத்தால் 'ரெசிஸ்டன்ட்'. சோதனை சரியா என்று பார்க்கப் போடும் கன்ட்ரோல் ஈ. கோலைக்கு (ஏடிசிசி 25922 என்ற எண்ணுள்ள வகை) வர வேண்டிய வளையம் 23–29 மி.மீ.; எங்கள் தட்டில் அதற்கும் கீழே, விளிம்பு வேறு மங்கல். மற்ற மருந்துகளான ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் வளையங்கள் ஒழுங்காகவே இருந்தன. ஆக பாக்டீரியாக் கரைசலின் அடர்த்தியையோ (0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல்) அகாரின் 4 மி.மீ. தடிமனையோ சந்தேகிக்க வழியில்லை. அவை பிசகினால் எல்லா வளையமும் ஆடும். புது டிஸ்க் குப்பி திறந்தும் அதே கதை.

மிச்சம் பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகமான மியூலர்-ஹின்டன் அகார்தான். அதில் டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான தைமிடின் அதிகமிருந்தால் பாக்டீரியா அதை எடுத்தே டிஎன்ஏ கட்டிவிடும். அதைப் பாக்டீரியா தானே தயாரிக்க உதவும் ஃபோலேட் பாதையை மருந்து அடைத்தும் பயனில்லை. ஓட்டலில் சாப்பிடுகிறவனுக்கு வீட்டு அடுப்பு அணைந்தால் என்ன?

இதைப் பிடிக்க என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் (ஏடிசிசி 29212) என்ற இன்னொரு கன்ட்ரோல் பாக்டீரியா போதும். நல்ல அகாரில் 20 மி.மீ.க்குக் குறையாத தெளிவான வளையம் வரும். எங்களுடையதில் உள்ளே மெல்லிய வளர்ச்சி. வேறு லாட் அகாரில் போட்டதும் தெளிந்தது. எடுத்துவைத்த ஐசொலேட்டுகளை (கல்ச்சரில் பிரித்த பாக்டீரியாக்களை) மறுபடி போட்டதில் சில 'சென்சிடிவ்' (மருந்துக்கு அடங்குபவை) ஆயின; ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பினோம்.

இந்த மருந்துக்கு நல்ல அகாரிலும் லேசான வளர்ச்சி கொஞ்சம் தெரியலாம். அதை விட்டுவிட்டு, பளிச்சென்று தெரியும் விளிம்பில் அளக்க வேண்டும்.