விதைப் பண்டமாற்று: அனுப்பும் முன் முளைப்புத்திறனைச் சோதியுங்கள்

உப்புக்கு நெல்லை மாற்றிய வழக்கம் ஓய்ந்துபோனாலும், மாடித்தோட்டம் வைத்திருப்போரின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் நாட்டு விதைகளின் பண்டமாற்று மீண்டும் உயிர்பெற்றிருப்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது. பணம் கைமாறாத இந்த ஏற்பாட்டில், முளைக்காத விதையைப் பெற்றவர் ஒரு விதைப்புப் பருவத்தையே இழந்துவிடுகிறார். ஆகவே அனுப்புவதற்கு முன், 10 விதைகளை ஈரத் துணியில் சுருட்டி, துணி காயாதபடி நீர் தெளித்து வையுங்கள். வெண்டையும் அவரையும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளைவிடும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு வாரங்கள் வரை பொறுக்க வேண்டும். ஏழுக்குக் குறைவாக முளைத்தால், அந்த எண்ணிக்கையை மறைக்காமல் சொல்லிவிட்டு, கூடுதலாகச் சில விதைகளைச் சேர்த்து அனுப்புவதே முறை.

நிழலில் நன்கு உலர்த்திய விதைகளைக் காகித உறையிலிட்டு, வகையின் பெயரையும் அறுவடை செய்த மாதத்தையும் அதன்மேல் எழுதுங்கள். இரு வேறு இரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) இரகங்களிலிருந்து எடுத்த விதைகள் தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. அருகருகே வளர்ந்த இரு சுரை வகைகளும் பூச்சிகளின் மகரந்தச் சேர்க்கையால் கலந்துவிடக்கூடும் என்பதால், அத்தகைய விதைகளை மாற்றுக்குக் கொடுக்காதீர்கள்.