பவர் ஸ்டீயரிங் சில நேரம் லேசு, சில நேரம் கனம்: பம்ப்பை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டீயரிங் திடீரென்று கனப்பதும் கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாவதுமாக இருந்தால், பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது, ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங்கை லேசாக்கும் பம்ப்பில்தான். பம்ப் மாறும், பணம் போகும், ஒரு வாரத்தில் அதே கனம் திரும்ப வரும். பிறகு ரேக்கை, அதாவது ஸ்டீயரிங் சுற்றுவதை முன்சக்கரங்களின் திருப்பமாக மாற்றும் பகுதியை, மாற்றுவார்கள். பழைய கார்களுக்கு நல்ல ரேக் கிடைப்பதே கஷ்டம், அதனால் இந்த வரிசையில் போவது ரொம்பத் தப்பு.

விட்டு விட்டு வரும் கோளாறு எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கனத்து, சூடானதும் சரியாகிறதா? அப்படியென்றால் ரேக்குக்குள் இருக்கும் வால்வு பகுதியைச் சந்தேகிக்கலாம். 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இது ரொம்பப் பிரபலமான கோளாறு: வால்வின் டெஃப்லான் சீல்கள் (ஆயில் கசியாமல் அடைக்கும் வளையங்கள்) அலுமினிய உறையில் பள்ளம் போட்டுவிடும், குளிரில் ஆயில் அந்த வழியாகக் கசிந்து அழுத்தம் போய்விடும். இதற்கு நேர்மாறாக, நன்றாக ஓட்டிய பிறகு, சூட்டில், ஐட்லிங்கில் மட்டும் கனத்து, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் இளகினால், அப்போது பம்ப் தேய்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சூட்டில் ஆயில் நீர்த்துவிடும், தேய்ந்த பம்ப்பால் குறைந்த சுற்றில் அழுத்தத்தைப் பிடித்து வைக்க முடியாது. மெதுவாகத் திருப்பும்போது ஒன்றுமில்லை, படாரென்று திருப்பினால் மட்டும் கிறீச்சென்று சத்தம் வந்து கனக்கிறது, மழையில் இன்னும் மோசம் என்றால் பம்ப்பைச் சுழற்றும் பெல்ட்தான். இந்தக் காரியத்துக்கு ரேக் வரைக்கும் போகவே வேண்டாம்.

அடுத்தது, கோளாறு ஆயில் பக்கமா, தண்டு, ஜாயின்ட் என்று இருக்கும் இரும்புப் பக்கமா என்று பிரித்துப் பார்க்காமல் விடுவது. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஸ்டீயரிங் பூட்டை விடுவித்து, எஞ்சினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். டயர் தரையில் இல்லாததால் கனம் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி, நடுவில் இளகினால், ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட் (தண்டு கோணம் மாறும் இடத்தில் உள்ள இணைப்பு) துருப்பிடித்து இறுகியிருக்கிறது என்று அர்த்தம். எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே போகும் ஜாயின்ட்டாக இருந்தால் சூட்டில் கிரீஸ் காய்ந்து போவது சகஜம். பம்ப்பையும் ரேக்கையும் மாற்றிய பிறகும் தீராத பல புகார்கள் கடைசியில் இந்தச் சின்ன ஜாயின்ட்டில் வந்துதான் நிற்கின்றன, அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இந்தச் சோதனைக்குக் காசே ஆகாது.

ஆயில் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்று கையில் கிடைத்ததை ஊற்றிவிடுகிறார்கள். சில கார்களுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சில ஜெர்மன் கார்களுக்கு சிஎச்எஃப் 11எஸ் வகை ஹைட்ராலிக் ஆயில், ஆயில் தொட்டியின் மூடியிலோ கையேட்டிலோ என்ன போட்டிருக்கிறதோ அதுதான் ஊற்ற வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது. பிரேக் ஆயிலைத் தவறியும் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் ஊதிப் போய் மொத்த அமைப்பும் பாழாகும். கசிவை அடைக்கும் மருந்து ஊற்றுவதும் எனக்கு ஒப்பில்லை. ஒரு கசிவு நிற்கலாம், ஆனால் எங்கே கோளாறு என்ற தடயமும் அதோடு மறைந்துவிடும்.

தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும்போது அளவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நுரை இருக்கிறதா என்று பாருங்கள். மோர் கடைந்ததுபோல நுரைத்திருந்தால் உள்ளே காற்று போகிறது. தொட்டியிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸில் பம்ப் உறிஞ்சுகிறது, அதனால் அங்கே ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து போயிருந்தால் வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியாமல் காற்று மட்டும் உள்ளே போகும். ஸ்டீயரிங் முனகும், துடிக்கும், கனமும் மாறி மாறி வரும். சில தொட்டிகளின் அடியில் ஃபில்டர் இருக்கும், அது அடைத்தாலும் இதே கதைதான்.

எஞ்சின் ஓடும்போது அழுத்த ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது ஆபத்து. உள்ளே நூறு பார் அளவுக்கு அழுத்தம் ஏறலாம், ஊசித் துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எஞ்சினை அணைத்துத் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஓட்டி, பிறகு அணைத்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேல் சொட்டுகிறது என்றால் தீ அபாயம், அந்தக் காரை ஓட்டவே வேண்டாம்.

எல்லாக் காரும் பெல்ட் வைத்த ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் வகை, என்று நினைப்பதும் ஒரு தவறு. நடுவில் எஞ்சின் இருக்கும் இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2வில் பவர் ஸ்டீயரிங் பம்ப்பை மின் மோட்டார்தான் சுழற்றுகிறது. ஹோண்டா எஸ்2000இல் ஆயிலே கிடையாது, முழுக்க மின்சாரம். இப்படிப்பட்ட கார்களில் முதலில் பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் இணைப்பு, பச்சை பிடித்த கனெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள். ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டதும் கனக்கிறது என்றால் வோல்டேஜ் விழுகிறது. பார்க்கிங்கில் திரும்பத் திரும்ப முழுசாகத் திருப்பிய பிறகு மட்டும் கனத்தால், மோட்டார் சூடாகாமல் இருக்க கன்ட்ரோலர் தானே உதவியைக் குறைக்கிறது. அது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். வேகத்துக்கு ஏற்பக் கனம் மாறும் ஸ்டீயரிங்காக இருந்து, ஸ்பீடோமீட்டர் முள்ளும் அதே நேரத்தில் ஆடினால், ஸ்பீடு சென்சாரைப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பம்ப்பா ரேக்கா என்று புரியவில்லை என்றால், ஊகிக்காமல் அழுத்தமானி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப்புக்கும் ரேக்குக்கும் நடுவில் வால்வோடு அதைப் பொருத்துவார்கள். வால்வை ஓரிரு வினாடி மட்டும் மூடும்போது அழுத்தம் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏறினால் பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது. வால்வைத் திறந்துவிட்டு ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பிப் பிடித்தால் அதே அழுத்தம் வரவில்லை என்றால் ரேக்குக்குள்ளேதான் கசிவு. வால்வை மூடியே வைத்திருந்தால் நல்ல பம்ப்பும் கெட்டுப்போகும், அதனால் இதைத் தெரிந்தவர் கையில் விடுங்கள். எதை மாற்றினாலும் பிறகு முன்சக்கரங்களைத் தூக்கி, முதலில் எஞ்சினை அணைத்தபடி இரு பக்கமும் மெதுவாகப் பலமுறை திருப்பி, தொட்டியில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே, குமிழ் வருவது நிற்கும் வரை காற்றை வெளியேற்றுங்கள். அதை முடிக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் புதுப் பம்ப்பும் முதல் நாளே நுரையோடுதான் ஓடும்.